எல்லைக்கல்லில் வைத்த கொட்டைகள்

"அது எங்கூடு இல்லீங்க மேடம். எங்கூட்டு வாசல் கெழக்கப் பாத்தது. நீங்க தெக்கப் பாத்துப் போட்டுட்டீங்க."

"திருத்திடலாம்மா. நீங்களே போடுங்க. மாவு இந்தாங்க."

"நான் போட்டா வூடு ரோட்டு மேல போயிருங்க. எனக்குக் கோலம் வராது."

"அவளுக்கு வராதுன்னுதான் மாமியாக்காரி வாசத் தெளிக்கறதோட விட்டுட்டா" என்று கூட்டத்தில் ஒருத்தி சொல்ல, பெண்கள் சிரித்தார்கள்.

வாசலின் திசையைச் சொன்னவள் தீர்த்தம்மாள். கோலமாவுக் கிண்ணத்தை நீட்டி நின்ற இளம்பெண் ஐஸ்வர்யா. ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் யாருக்கு என்ன நோவு, எந்த ஊருக்கு என்ன வைத்தியம் வேண்டும் என்று கேட்டுப்போக வந்த குழுவில் அவள்தான் சின்னவள். வீடு வீடாய்ப் போய்க் கேட்டால் ஜனங்கள் வாய் திறப்பதில்லை. அதனால் ஊரையே தரையில் வரையச் சொல்லி, வரைந்த வீடுகளின்மேல் விதைகளை வைக்கச் சொல்வது அவர்கள் முறை.

சீங்காட்டு மாரியம்மன் கோயிலின் முன், சாணம் மெழுகிய களத்தில் சீங்காடே மல்லாந்து படுத்துக் கிடந்தது. சிவப்புப் பொடியில் ரோடு. மஞ்சளில் வீடுகள். நீலத்தில் ஏரி. தண்ணியே இல்லாத ஏரிக்கு நீலம் எதுக்கு, சாம்பலக் கொட்டுங்க என்று ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். ஐஸ்வர்யா சிரித்துவிட்டு நீலத்தையே தூவினாள். களத்தின் ஓரத்தில், வேலியை ஒட்டி, வெள்ளைப் பொடியில் எல்லைக்கல். அதற்கு அந்தண்டை பக்கத்து ஊரான கம்பளியனூர்.

தீர்த்தம்மாள் குந்தி உட்கார்ந்து தன் வீட்டைப் போட்டாள். கோயில் வாசற்படிக்கு நேராக வந்தது வீடு. கை கோணினாலும் வாசல் கிழக்கே அமைந்துவிட்டது. ஒரு அறை, முன்னால் ஒரு சார்ப்பு. சார்ப்பில் கட்டில் கிடக்கும் இடம் வந்ததும் அவள் விரல் நின்றது. மாவு கொஞ்சம் கொஞ்சமாய்ச் சிந்தி அங்கே ஒரு சிறு குவியலானது. அதை ஊதிவிட்டு எழுந்துகொண்டாள்.

அந்தக் கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் மாது.

மாது புளி உலுக்குகிறவன். மாசி பிறந்தால் குத்தகைக்காரன் ரோட்டோர மரங்களை ஏலத்தில் எடுப்பான். மாது நீளத் தொறட்டியோடு உச்சிக்கிளைக்கு ஏறிவிடுவான். கிளைமேல் நின்று அவன் குதித்தால் கீழே விரித்த படுதாவில் புளி மழையாய் விழும். கிளை முறியும் சத்தம் கேட்டால் கீழே நிற்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை, ஓடுவார்கள். அது இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது. போன வருசம் மாசியில் அப்படித்தான் எல்லாரும் ஓடினார்கள். ஓடி நின்று திரும்பியபோது மாது படுதாவின் நடுவில் புளியோடு புளியாகக் கிடந்தான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் வெகுநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இடுப்புக்குக் கீழே தனக்கு உடம்பு இருக்கிறது என்பதே கண்ணால் பார்த்தால்தான் அவனுக்குத் தெரியும். மூத்திரம் போக ஒரு குழாய், அதற்கு ஒரு பை. குழாயை மாதாமாதம் மாற்ற வேண்டும். முதுகில் படுக்கைப் புண். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனால், போகிற வழிப் பள்ளங்களில் ஆறுகிற புண் மறுபடி பிளந்துகொள்ளும். ஆற்றுவதற்குப் போய்ப் புண்ணைப் பெரிதாக்கிக் கொண்டு திரும்புவதே வழக்கமாகியிருந்தது.

அதனால் ஐஸ்வர்யா சொன்னதை அங்கிருந்த எல்லாரையும்விடக் கவனமாகக் கேட்டவள் தீர்த்தம்மாள்தான். வைத்திய வண்டி ஒன்று வரப்போகிறது. அதில் நர்ஸ் இருப்பார், கைகால் பயிற்சி கொடுக்கிறவர் இருப்பார். நிற்கிற ஊரில் படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆனால் இந்தச் சுற்றுவட்டத்தில் ஒரே ஊரில்தான் வாராவாரம் நிற்க முடியும். எங்கே தேவை அதிகமோ அங்கே நிற்கும்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்க, ரொம்ப நாள் நோயில இருக்கறவங்க எந்த வீட்ல இருக்காங்களோ, அந்த வீட்டு மேல ஒரு புளியங்கொட்டை வைங்க" என்றாள் ஐஸ்வர்யா.

புளியங்கொட்டைக்கு அங்கே பஞ்சமில்லை. ஊரே புளி தட்டுகிற காலம். ஒவ்வொரு வீட்டு நிழலிலும் கல்லை முன்னால் வைத்துக்கொண்டு, சின்ன இரும்புத் தடியால் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைப் பிதுக்கி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே எழுந்து வந்திருந்தார்கள். எல்லார் விரல் இடுக்கிலும் புளிக்கறை. எல்லார் மடியிலும் நாலு கொட்டை.

முதலில் எழுந்தவள் ராமக்காள். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் கை அவளுடையது. அவள் ஒரு கொட்டையை எடுத்தாள். வீடுகளை மிதிக்காமல் சிவப்பு ரோட்டின் மேலேயே நடந்தாள். ரோடு முடிகிற இடத்தில், வெள்ளை எல்லைக்கல்லுக்கு அந்தண்டை, கொட்டையை வைத்தாள். திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தாள்.

அதில் சீங்காட்டுப் பெண்கள் யாருக்கும் வியப்பில்லை. ஊரில் காய்ச்சலோ அம்மையோ கண்டால் எல்லா வீட்டிலும் பெருக்கி, தேய்ந்த துடைப்பம், ஓட்டைச் சட்டி, கிழிந்த முறம் எல்லாவற்றையும் ஒரே கூடையில் சேர்ப்பார்கள். மேளத்தோடு கொண்டுபோய் எல்லைக்கல்லுக்கு அந்தண்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். மறுநாளே கம்பளியனூர்க்காரர்கள் தங்கள் கூடையைக் கொண்டுவந்து இந்தண்டை விடுவார்கள். இரண்டு ஊர்த் துடைப்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மழையில் மக்கும். நோவு இருக்க வேண்டிய இடம் அது. கோலமாக இருந்தாலும் வீடு வீடுதான். அதன்மேல் யாராவது நோவைக் கொண்டுபோய் வைப்பார்களா?

"அம்மா, வீட்டு மேல வைக்கணும்மா" என்றாள் ஐஸ்வர்யா.

"நீ உங்கூட்டு மேல வெப்பியா கண்ணு?" என்று ராமக்காள் கேட்டாள்.

ஐஸ்வர்யா உதவிக்குத் திரும்பிப் பார்த்தாள். குழுவின் பெரியவர் வேப்பமரத்தடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. சர்க்கரை நோயில் கால்விரல் போன வீட்டுக்காரி வைத்தாள். புருஷனுக்கு வாதம் வந்தவள் வைத்தாள். மரத்திலிருந்து விழுந்து கை முடங்கிய முருகேஷின் பெண்டாட்டி வைத்தாள். எல்லாம் எல்லைக்கல்லுக்கு அந்தண்டை.

தீர்த்தம்மாளின் முறை வந்தது. ஒரு கொட்டை உள்ளங்கையில் வேர்வையில் நனைந்திருந்தது. தன் வீட்டின்முன் வந்து நின்றாள். குனிந்து வைத்தால் முடிந்தது. வண்டி வரும், புண் ஆறும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த மஞ்சள் கோடுகளுக்குள், மாவைச் சிந்தி ஊதிவிட்ட அந்த இடத்தில், கறுத்த கொட்டை ஒன்று கிடப்பதை நினைத்ததும் கையை மூடிக்கொண்டாள். இன்னும் எதையோ வீட்டுக்குள் கூப்பிடுவதுபோல இருந்தது. முதுகில் ஊரின் கண்கள். ரோட்டோடு நடந்தாள். மற்றவர்கள் வைத்த இடத்தில் வைத்தாள்.

கொட்டையோடு கொட்டை உரசிய சின்னச் சத்தம் கேட்ட பிறகுதான், ஓட்டைச் சட்டியை விடுகிற இடத்தில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை.

இதெல்லாம் யாருடையது என்று ஐஸ்வர்யா கேட்டதற்கு, எல்லாருதுந்தான் என்றார்கள். எல்லைக்கு அந்தண்டை, கம்பளியனூர்ப் பக்கம் குடியிருப்பவர்கள் போலும் என்று அவள் எண்ணிக்கொண்டாள். பெரியவர் போனை முடித்துக்கொண்டு வந்து, ஒரு நாற்காலிமேல் ஏறி, மேலிருந்து படம் பிடித்தார். படத்தில் சீங்காட்டு வீடுகள் மஞ்சளாகச் சுத்தமாக இருந்தன.

அன்று பொழுது சாயும் முன் தீர்த்தம்மாள் மாதுவைப் பக்கவாட்டில் திருப்பி, வெந்நீரில் துணி நனைத்து முதுகைத் துடைத்தாள். புண்ணைச் சுற்றி மருந்துப் பொடி தூவினாள். பையை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்து கையைக் கழுவி, களியைக் கிண்டி உருண்டை பிடித்தாள். பண்ணைக்கீரைக் கடைசல். களியைக் குழி பறித்துக் கீரையில் தோய்த்து அவன் தானே சாப்பிட்டான். விழுந்ததில் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம் பிடித்த கை.

"என்னமோ கோலம் போட்டாங்களாமே" என்றான்.

அவள் சொன்னாள். ஏரிக்கு நீலம் போட்டதைச் சொன்னாள். கோயில் வாசற்படிக்கு நேராகத் தங்கள் வீடு வந்ததைச் சொன்னாள். அவனுக்கு அது பிடித்திருந்தது. சார்ப்புப் போட்டியா, எரவாணம் போட்டியா என்று விசாரித்தான். கூரை எரவாணமெல்லாம் கோலத்தில் வராது என்றாள்.

"எனக்குக் கொட்ட வெச்சியா?"

"வெச்சன்."

"எங்க? நம்மூட்டு மேலியா?"

"பின்ன, எங்க வெப்பாங்க?" என்றாள் தீர்த்தம்மாள். எழுந்து களிச்சட்டியில் தண்ணீர் ஊற்றினாள்.

சித்திரையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தது. செண்டுமல்லித் தோட்டங்களில் நடவுக்குக் கூப்பிட்டார்கள். தீர்த்தம்மாள் பொழுதோடு மாதுவைச் சரிசெய்து வைத்துவிட்டு நடவுக்குப் போய்விட்டு, உச்சிப்பொழுதுக்கு ஓடிவந்து திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடுவாள். நாற்றைச் சேற்றில் ஊன்றும்போதெல்லாம் காது ரோட்டின்மேல் இருந்தது. ஒரு நாள் அந்த வண்டி வந்தது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் சிவப்புக் கோடு. வரப்பின்மேல் ஏறி நின்று பார்த்தாள். வண்டி சீங்காட்டுத் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தது. ஆடுகள் குறுக்கே போனதற்காக. ஆடுகள் விலகியதும் கம்பளியனூர் ரோட்டில் போய்விட்டது.

அடுத்த வாரமும் போனது.

அந்த வாரக் கடைசியில் மாதுவுக்குக் காய்ச்சல் கண்டது. பையில் இறங்கியது கலங்கலாக, துர்நாற்றத்தோடு இருந்தது. பிறகு இறங்குவதே நின்றது. அடிவயிறு பானைபோல் உப்பியது. வலி தெரியாத உடம்பு என்பதால் அவனுக்கு அது நெற்றி வேர்வையாகத்தான் தெரிந்தது. வண்டி வருகிற நாள் அது. தீர்த்தம்மாள் பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கம்பளியனூருக்கு ஓடினாள். எல்லைக்கல்லைத் தாண்டும்போது, ஓரத்தில் கிடந்த மக்கிய முறத்தையும் சட்டி ஓடுகளையும் பார்க்காமல் ஓடினாள்.

வண்டிக்குள் இருந்த நர்ஸ் கலைமணி பாப்பாரப்பட்டிக்காரி. கணீரென்ற குரல்.

"சீங்காடா? உங்க ஊருல யாருக்கும் ஒண்ணும் இல்லேன்னுதான சொன்னாங்க? நோவெல்லாம் இந்தப் பக்கந்தான்னு படமே இருக்குது பாருங்க." கையிலிருந்த போனைத் தேய்த்துக் காட்டினாள்.

தீர்த்தம்மாள் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குள் ஊர் கிடந்தது. கிழக்கே வாசல் வைத்த தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். வெறுமையாக, அழகாக இருந்தது. எல்லைக்கல்லுக்கு அந்தண்டை கறுப்பாய் ஒரு குவியல்.

"அது பூராவும் எங்கூருதுங்க. எம்புருசனும் அதுலதாங்க கெடக்கறாரு."

கலைமணி அவள் முகத்தையே பார்த்தாள். அங்கே காத்திருந்தவர்களை முடித்துவிட்டு, வண்டி ஓட்டுநரிடம் ஏதோ சொல்லி, போகிற வழியில் சீங்காட்டில் இறங்கினாள். குழாயை மாற்றினாள். புண்ணைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மருந்து வைத்துக் கட்டினாள். மாதுவின் வயிறு மெல்ல இறங்கிய பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்று பேசினாள். இன்றைக்கு வந்தாயிற்று, ஆனால் வாராவாரம் இப்படி இறங்க முடியாது. நிற்கச் சொன்ன ஊரில்தான் நிற்க வேண்டும். ஐஸ்வர்யாவிடம் சொல்லி வெள்ளிக்கிழமை மறுபடி வந்து வரையச் சொல்கிறேன். ஊரே சேர்ந்து அவரவர் வீட்டின்மேல் வைத்தால் வண்டி இங்கே நிற்க வழி உண்டு.

"ஒரு வூட்டுல மட்டும் வெச்சா பத்தாதும்மா. எல்லாரும் வெக்கணும். இந்தப் புண்ணு இன்னும் உள்ள போச்சுன்னா அப்பறம் எலும்பு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டன்" என்றாள் கலைமணி.

மறுநாள் தீர்த்தம்மாள் ராமக்காள் வீட்டுக்குப் போனாள். கடைசி மூட்டைப் புளி தட்டிக்கொண்டிருந்தாள் ராமக்காள். தீர்த்தம்மாளும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அந்த ஊரில் இல்லை. ஓடு நொறுங்கும் சத்தத்தினிடையே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

"ஏமே, எனக்கு மட்டும் மாது மேல அக்கற இல்லியா?" என்றாள் ராமக்காள். "எந்தோளு மேல வளந்தவன் அவன்."

"அதுக்கோசரந்தான் உங்ககிட்ட வந்தன் அத்தே. நீங்க மொதல்ல வெச்சா எல்லாரும் வெப்பாங்க."

ராமக்காள் தடியைக் கீழே வைத்தாள்.

"எங்கக்கா வூட்டுச் செவுத்துல ஒரு காலத்துல ஒருத்தன் வந்து தாருல நெம்பரு எழுதிட்டுப் போனான். மச்சானுக்குத் தோல்ல தேமல் மாதிரி இருந்துது, பெருநோவாம், அதுக்கு. மாத்தரயும் குடுத்தாங்க, தேமலும் போயிருச்சி. நெம்பரு போவல. சுண்ணாம்பு அடிச்சா சுண்ணாம்புக்கு மேல தெரிஞ்சுது. அந்த வூட்டுப் பொண்ணுங்கள எவனும் வந்து கேக்கல. அக்கா செத்த அன்னிக்குக்கூட அந்த வூட்டுல யாரும் தண்ணி குடிக்கல. வைத்தியத்துக்குத்தான் எழுதறன்னுதான் அவனும் சொன்னான்."

"இது தாரு இல்லீங்க அத்தே, கோலமாவு. ஊதுனா போயிரும்."

"போட்டோ புடிச்சானே, அது ஊதுனா போவுமா?"

தீர்த்தம்மாள் இன்னொரு புளியை எடுத்து உடைத்தாள். ராமக்காளின் பேத்திக்கு ஒகேனக்கல் பக்கம் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ராமக்காளின் மகனுக்குச் சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கிக் கிடந்தது ஊருக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. இதை இருவரும் சொல்லாமலே பேசிக்கொண்டார்கள்.

"நீ வெக்கறதுன்னா வெய்யி. நான் வேணாங்கல. ஆனா நீ மட்டும் வெச்சா உங்கூடு மட்டும் தனியா நிக்கும், பாத்துக்க" என்றாள் ராமக்காள். குரலில் மிரட்டல் இல்லை. கொஞ்சம் கழித்து, உரித்த புளியில் ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தீர்த்தம்மாளின் மடியில் வைத்தாள். "ரசம் வெச்சுக் குடு. வாய்க்கு நல்லாருக்கும்."

தீர்த்தம்மாள் கோயில் வழியாகத் திரும்பினாள். கோலம் என்றைக்கோ மழையில் கரைந்துவிட்டது. வேலியோரம், எல்லைக்கல் போட்டிருந்த இடத்தில் மட்டும் பச்சையாய் எதுவோ தெரிந்தது. கிட்டப் போனாள். எல்லையில் விட்டதை யாரும் தொடுவதில்லை அல்லவா, கொட்டைகள் சேற்றிலேயே கிடந்து முளைத்திருந்தன. இரண்டு தடித்த பருப்பிலைகளுக்கு நடுவே விரலளவு தண்டு, நுனியில் பிஞ்சு இலைகள். நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கொத்தாக நின்றன. எது மாதுவுடையது என்று தெரியவில்லை. அவள் நெடுநேரம் அங்கே நின்றாள். காற்றில் அந்தக் கொத்து முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

வீட்டில் முருகேஷ் வந்து மாதுவோடு பேசிவிட்டுப் போயிருந்தான். கட்டிலடியில் அவன் குடித்துவிட்டு வைத்த டீ டம்ளர் கிடந்தது. மாதுவின் முகம் காய்ச்சல் விட்டு வெளுத்திருந்தது.

அவள் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். புளியைக் கரைத்து வைத்தாள். துணியை நனைத்துக்கொண்டு வந்து அவனைப் பக்கவாட்டில் திருப்பினாள். அவன் முகம் சுவரைப் பார்க்க, அவள் முதுகைப் பார்க்க, இருவருக்கும் பேசுவதற்கு அதுதான் வசதியான இருப்பு.

"கொட்டையெல்லாம் மொளச்சிருக்குதாமே" என்றான் மாது.

"ஆமாங்க மாமா."

"வேலியோரமா ஒரே கொத்தா நிக்குதுன்னான் முருகேஷு. வாசப்படிக்கு நேரா ஒண்ணும் மொளைக்கலியாம்."

துணியின் தண்ணீர் அவன் விலாவில் வழிந்து கட்டில் கயிற்றில் சொட்டியது.

"வேலியோரம் எல்லக்கல்லுதான?" என்றான்.

தீர்த்தம்மாள் புண்ணின் கட்டை மெல்லப் பிரித்தாள். கலைமணி வைத்த மருந்து பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"தப்புன்னு சொல்லல. கூடையத் தூக்கிட்டு நானே எத்தினியோ தடவ போயிருக்கறன். எல்லக்கல்லுக்கு அந்தண்ட வெச்சுட்டு, திரும்பிப் பாக்காம ஓடியாருவன். பின்னால யாரோ கூப்புடற மாதிரியே இருக்கும்." சுவரின் காரையை நகத்தால் சுரண்டினான். "யாரு கூப்புட்டாங்கன்னு இப்பத் தெரியிது."

அவள் கை புண்ணைச் சுற்றி வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்து மூடி தாளம் போட்டது. எழுந்து போய் இறக்க வேண்டும். எழவில்லை.

"வெள்ளிக்கெழம அந்தப் பொண்ணு வருதாம்ல?"

"ம்."

"ராமக்கா மொதல்ல வெக்க மாட்டாங்க. அவங்க கஷ்டம் அவங்களுக்கு. உன்னாலயும் முடியாது, எனக்குத் தெரியும். கொட்டையெல்லாம் வேணாம் தீர்த்தா." சுவரைப் பார்த்தபடியே அவன் கையைப் பின்னால் நீட்டித் துழாவி, ஈரத்துணியோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கிளையைப் பிடிக்கிற பிடி. "நம்மூட்ட மறுபடியும் வாசப்படிக்கு நேராவே போடு. கெழக்கப் பாத்துப் போடு. முருகேஷுகிட்டச் சொல்லி நாலு பேத்தக் கூப்புட்டு, கட்டலோட என்னயத் தூக்கிட்டுப் போயி, அதுமேல வெச்சிரு. ஊரு பாக்கட்டும். வெக்கறியா?"